அலைச்சறுக்குக்குத் தலைக்கவசம் வாங்கும் முன்: டர்பன் கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த் பகுதியில், சனிக்கிழமை காலையில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். ஞாயிறு விடிவதற்குள் மகளோடு கடற்கரைக்குப் போய்விடுகிறேன். அவள் அலைச்சறுக்குப் பலகையை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குள் போவாள். நான் துண்டையும் தேநீர்க் குடுவையையும் வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்திருப்பேன். அவள் தலையில் இருக்கும் ஆரஞ்சு நிற ஹெல்மெட்டைப் பார்த்துவிட்டு, வகுப்பிலும் கரையிலும் நம் பிள்ளைகளின் பெற்றோர் பலர் என்னிடம் விசாரிக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் நின்றுகொண்டே பாதி பதில்தான் சொல்ல முடிகிறது. முழுப் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

டர்பனில் அடியில் மணல்தானே இருக்கிறது? பாறை இல்லாத இடத்தில் ஹெல்மெட் எதற்கு?

முதலில் எல்லோரும் கேட்பது இதுதான். நானும் ஒரு காலத்தில் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அலைச்சறுக்கில் தலையில் அடிபடுவது பெரும்பாலும் பாறையால் இல்லை, சொந்தப் பலகையால். அமெரிக்க மருத்துவர்கள் 1,348 அலைச்சறுக்கு வீரர்களிடம் விவரம் கேட்டு 2002-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதில் வந்த காயங்களில் 55 சதவீதம் அவரவர் பலகை பட்டு ஏற்பட்டவை. கடலடித் தரையில் மோதியவை 17 சதவீதம். பிறருடைய பலகை பட்டவை 12 சதவீதம். உடலில் எங்கே அடிபட்டது என்று பார்த்தால், 37 சதவீதம் தலையிலும் கழுத்திலும்.

காரணம் எளிது. பலகை கணுக்காலோடு லீஷ் கயிற்றால் கட்டப்பட்டிருக்கிறது. நாம் விழுந்ததும் அலை பலகையை இழுத்துக்கொண்டு போகும். ரப்பர்போல நீளும் அந்தக் கயிறு ஒரு கட்டத்துக்கு மேல் நீளாது. அப்போது பலகையை நம் பக்கமே திருப்பி எறியும். மூச்சுக்காகத் தலையை வெளியே நீட்டும் அதே நொடியில் பலகையும் வந்து சேரும். அதன் அடியில் மீன்துடுப்புபோல் இருக்கும் ஃபின்கள் கத்திபோல் மெல்லியவை, முன்நுனி கூர்மையானது.

என் அக்கா மகனுக்கு அப்படித்தான் ஆனது. இடுப்பளவு உயரம்கூட இல்லாத அலை. சிரித்துக்கொண்டே விழுந்தவன், காதுக்கு மேலே கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு கரைக்கு நடந்து வந்தான். விரலிடுக்கில் வழிந்த ரத்தம் முழங்கை வரை இறங்கியிருந்தது. ஏழு தையல். அதற்கு அடுத்த வாரம்தான் என் மகளுக்கு ஹெல்மெட் வாங்கினேன். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அவளுக்கும் அதே மாதிரி பலகை திரும்பி வந்தது. இன்றைக்கும் அந்த ஹெல்மெட்டின் இடது பக்கத்தில் ஆள்காட்டி விரல் நீளத்துக்கு ஒரு கீறல் இருக்கிறது; என் நகத்தின் நுனி அதற்குள் இறங்குகிறது. அவள் தலையில் ஒன்றுமில்லை.

எல்லா இடத்திலும் அணிய வேண்டுமா, சில இடங்களில் மட்டும் போதுமா?

தண்ணீருக்குள் போகும் ஒவ்வொரு முறையும் அணியும் பழக்கம்தான் நல்லது. இருந்தாலும் இடத்துக்கு இடம் ஆபத்தின் வகை மாறுகிறது. அது தெரிந்திருந்தால் எந்த வகை ஹெல்மெட் வேண்டும் என்பதும் தெரியும்.

நியூ பியர், டெய்ரி பீச், நார்த் பீச், பே ஆஃப் பிளென்டி என்று வரிசையாக இருக்கும் நகரக் கடற்கரைகளில் நெரிசல்தான் பெரிய ஆபத்து. பள்ளி விடுமுறையில் ஒரே அலைக்கு ஐந்தாறு பேர் பாய்கிறார்கள். கடலுக்குள் நீண்டிருக்கும் பாலங்களின் தூண்களும் பக்கத்திலேயே இருக்கின்றன. நீரோட்டம் அவற்றை நோக்கித் தள்ளும் நாட்கள் உண்டு. பிளஃப் பக்கம் கேவ் ராக்கில் கதையே வேறு: அங்கே அலை பாறைத்திட்டின் மேல் கனமாக உடைகிறது. அங்கே ஓரளவு தேர்ந்தவர்கள்தான் இறங்க வேண்டும். இறங்குபவர்கள் கடின ஓடுள்ள ஹெல்மெட்டோடு இறங்க வேண்டும். விடுமுறைக்கு ஜெஃப்ரிஸ் பே போகிறவர்களுக்கும் இதே பேச்சுதான். அங்கும் அடியில் பாறை.

பெருமழைக்குப் பிறகு உம்கேனி ஆறு கொண்டுவந்து கொட்டும் மரக்கட்டைகளையும் நாணல் கட்டுகளையும் மறக்க வேண்டாம். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு நம் கரை எப்படி இருந்தது என்று எல்லோரும் பார்த்தோம். தண்ணீர் பழுப்பாக இருக்கும் நாட்களில் ஹெல்மெட் போட்டாலும் பிள்ளையை இறக்காதீர்கள். மிதக்கும் கட்டையைவிட அந்தத் தண்ணீரில் கலந்திருக்கும் கழிவுநீர் மோசமானது.

ஹெல்மெட் எதையெல்லாம் காக்கும்? எதைக் காக்காது?

வெட்டுக்காயம், மண்டையோட்டு விரிசல், காதில் படும் நேரடி அடி இவற்றை நன்றாகக் காக்கும். தலை அடிபட்டு மயங்கிவிட்டால் தண்ணீரில் சில நிமிடங்களே போதும், உயிர் போய்விடும். மயக்கம் வராமல் தப்புவதற்கான வாய்ப்பை ஹெல்மெட் கூட்டுகிறது. கரையில் விழுந்து மயங்கியவன் மூச்சு விட்டுக்கொண்டிருப்பான். கடலில் மயங்கியவனுக்கு அந்த வசதி இல்லை. சைக்கிள் ஓட்டுபவரைவிட அலைச்சறுக்குபவருக்கு இந்தக் கவசம் முக்கியம் என்று நான் நினைப்பதற்கு இதுதான் காரணம்.

மூளை அதிர்ச்சியை முழுதாகத் தடுக்கும் ஹெல்மெட் கிடையாது. தலை சட்டென்று நின்றாலோ சுழன்றாலோ மூளை உள்ளுக்குள் அசையும். அந்த அசைவை வெளி ஓடு ஓரளவுதான் குறைக்கும். கழுத்தை அது காக்காது. ஆழம் குறைந்த மணல்திட்டில் தலைகுப்புற விழுந்து கழுத்து எலும்பு முறிவதை எந்த ஹெல்மெட்டும் தடுக்காது. ஆகவே தட்டையாக விழப் பழக வேண்டும். விழும்போதும் மேலே வரும்போதும் இரு கைகளாலும் முகத்தையும் தலையையும் மூடிக்கொள்ளப் பழக வேண்டும். ஹெல்மெட் வந்த பிறகு இந்தப் பழக்கத்தை விட்டுவிடும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். மூக்குக்கும் பல்லுக்கும் அந்தக் கைகள்தான் கவசம்.

என் பிள்ளைக்கு நீச்சல் அவ்வளவாக வராது. ஹெல்மெட் போட்டு அனுப்பினால் பயமில்லைதானே?

தயவுசெய்து அனுப்பாதீர்கள்.

இந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். நம் பெற்றோர்களும் தாத்தா பாட்டிகளும் இந்தக் கடலோரத்திலேயே வாழ்ந்தார்கள். 1860-இல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக ட்ரூரோ கப்பலில் வந்து இறங்கியவர்களின் வழிவந்தவர்கள் நாம். வலைவீசி மீன்பிடித்த குடும்பங்களும் நம்மில் உண்டு. ஆனால் நிறவெறி ஆட்சியில் நல்ல கடற்கரைகள் எல்லாம் ‘வெள்ளையருக்கு மட்டும்’ என்ற அறிவிப்புப் பலகையோடு இருந்தன. 1989-இல்தான் அவை எல்லோருக்கும் திறந்தன. நான் சிறுவனாக இருந்தபோது அந்தப் பலகையைத் தாண்டி நடக்கக்கூடாது என்று அப்பா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். காவலர் இருக்கும் கரையும் நீச்சல் குளமும் கிடைக்காத ஒரு தலைமுறை, கடலைத் தூரத்திலிருந்து பார்த்து அஞ்சியே வளர்ந்தது. அந்த அச்சம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. பிள்ளைக்கு ஏதாவது ஒரு கவசத்தை மாட்டிவிட்டால் மனம் ஆறுகிறது.

ஹெல்மெட் மிதவை ஆகாது. தான் மிதக்கும், பிள்ளையை மிதக்க வைக்காது. லீஷ் அறுந்து பலகை போய்விட்டால், அந்த இடத்திலிருந்து தானாக நீந்திக் கரை சேரத் தெரிந்த பிள்ளைதான் அலைச்சறுக்குக்குத் தயாரான பிள்ளை. முதலில் நீச்சல். ஹெல்மெட் வாங்க வைத்திருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், அதை நீச்சல் வகுப்புக்குக் கொடுங்கள்.

பெரிய வீரர்கள் யாரும் அணிவதில்லையே?

அணிகிறார்கள். ஆஸ்திரேலியாவின் டாம் கரோல் 1991-இல் ஹவாயில் பைப்லைன் என்ற பேர்போன அலையில் நடந்த போட்டியை வென்றபோது தலையில் ஹெல்மெட் இருந்தது. அதே பைப்லைனில் 2015 டிசம்பரில் இன்னொரு ஆஸ்திரேலியரான ஓவன் ரைட் தலையில் அலை விழுந்து மூளையில் காயமடைந்தார்; நடப்பதைக்கூட மறுபடி பழக வேண்டியிருந்தது. 2017-இல் திரும்பி வந்து போட்டி வென்றார், டோக்கியோ ஒலிம்பிக்கில் வெண்கலம் பெற்றார். பின்னாளில் ஆபத்தான அலைகளில் ஹெல்மெட்டோடு இறங்கினார். பிரேசிலின் ஜோவாவ் சியாங்காவும் 2023 டிசம்பரில் பைப்லைனில் தலையில் பலத்த அடிபட்டவர். 2024 ஒலிம்பிக் அலைச்சறுக்கு தஹிதியில் நடந்தபோது ஹெல்மெட் அணிந்தே போட்டியிட்டார்.

உங்கள் மகன் "யாரும் போடுவதில்லை அப்பா" என்று சொன்னால் இந்த மூன்று பெயர்களைச் சொல்லுங்கள். என் மகளிடம் அது பலித்தது. நான் சொன்ன அறிவுரை எதுவும் பலிக்கவில்லை.

பெட்டியில் என்ன முத்திரை இருக்க வேண்டும்?

இஎன் 1385 என்ற ஐரோப்பியத் தர எண்ணைத் தேடுங்கள். படகுத் துடுப்பு விளையாட்டுக்கும் வேகநீர் விளையாட்டுக்கும் வகுத்த தரம் அது. நல்ல அலைச்சறுக்கு ஹெல்மெட்டுகள் இந்தத் தரத்தின்படிதான் சோதிக்கப்படுகின்றன. அடியைத் தாங்குவது, தாடைப் பட்டை அறுந்துவிடாமல் இருப்பது, தலையிலிருந்து கழன்று விழாமல் இருப்பது, தண்ணீரில் ஊறிய பிறகும் மிதப்பது எல்லாவற்றையும் அதில் பார்க்கிறார்கள். பெட்டியில் மட்டும் இருந்தால் போதாது. ஹெல்மெட்டின் உள்பக்கத்தில் ஒட்டிய தாளிலோ அச்சிலோ அந்த எண் இருக்க வேண்டும்.

இஎன் 1078 என்று போட்டிருந்தால் அது சைக்கிளுக்கும் ஸ்கேட்போர்டுக்கும் உரியது. அந்தச் சோதனையில் மோதும் வேகம் அதிகம். அதனால் அதுவே மேல் என்று கடைக்காரர் சொல்லக்கூடும். ஆனால் தண்ணீரில் மிதப்பதை அந்தச் சோதனை பார்ப்பதில்லை. இரண்டு எண்களும் சேர்ந்து உள்ள ஹெல்மெட் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம்.

‘நீர் விளையாட்டுக்கு ஏற்றது’ என்று மட்டும் எழுதி, எந்த எண்ணும் இல்லாத மலிவுப் பொருளை எடுக்காதீர்கள்.

வீட்டில் கிரிக்கெட் ஹெல்மெட் இருக்கிறது. சைக்கிள் ஹெல்மெட்டும் இருக்கிறது. ரக்பி தொப்பிகூட இருக்கிறது. ஏதாவது ஒன்று ஆகாதா?

கிரிக்கெட் ஹெல்மெட் கூடவே கூடாது. முன்னால் இருக்கும் கம்பி வலையை அலை பிடித்துக்கொண்டால் தலை பின்னால் இழுபடும். லீஷ் கயிறும் அதில் சிக்கலாம்.

சைக்கிள் ஹெல்மெட்டின் பெரிய துளைகள் காற்றுக்காக வெட்டியவை. தண்ணீர் அவற்றில் புகுந்து வாளிபோல் இழுக்கும். காதையும் பின்மண்டையையும் அது மூடாது. உள்ளே இருக்கும் வெள்ளை தெர்மோகோல் ஒரே ஒரு பெரிய அடிக்குத்தான். அதன் பிறகு நசுங்கியே கிடக்கும். உப்பு பட்டால் அதன் உலோகப் பகுதிகள் துருப்பிடிக்கும்.

ரக்பி தொப்பி காதைச் சிராய்ப்பிலிருந்து காக்கும், அவ்வளவுதான். ஸ்பாஞ்சு தண்ணீர் குடித்துக் கனத்துவிடும்.

கடின ஓடா, மென்மையானதா?

இதற்கு எல்லோருக்கும் பொருந்தும் ஒரே பதில் இல்லை.

கடின ஓடுள்ளவை வெளியே கெட்டிப் பிளாஸ்டிக், உள்ளே மெத்தை. ஃபின்னின் கூர்மையையும் பாறையையும் தாங்குவது இந்த ஓடுதான். ஆஸ்திரேலியாவின் காத் நிறுவனம் தலையை ஒட்டிய மெல்லிய ஓடுகளால் பெயர் பெற்றது. சிம்பா என்ற இன்னொரு நிறுவனத்தின் ஹெல்மெட்டில் உள்மெத்தை சற்றுத் தடிப்பு. மெல்லிய ஓடு தண்ணீரில் இழுக்காது, பலகையை அமிழ்த்தி அலைக்கு அடியில் போகும்போது சௌகரியம். மெத்தை தடித்தால் அடியின் வேகம் அதிகம் குறையும், தலை கொஞ்சம் பெரிதாகத் தெரியும்.

மென்மையானவை முழுக்க நுரையால் ஆனவை. எடை மிகக் குறைவு, முடியை இழுக்காது, சிறு பிள்ளைகள் அழாமல் போட்டுக்கொள்வார்கள். நுரையால் ஆன மென்பலகையில் கற்றுக்கொள்ளும் குழந்தைக்கு, அடிங்டன் பீச் மாதிரி அமைதியான கரையில், இது போதும். கூர்மையான ஃபின்னுக்கும் பாறைக்கும் போதாது.

உள்மெத்தை எதனால் ஆனது என்று கேளுங்கள். ஈவிஏ நுரையோ ஈபிபி நுரையோ இருந்தால் நல்லது. சிறு சிறு அடிகளுக்குப் பிறகு பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும். கடலில் ஒரே பெரிய அடியைவிடப் பல சிறிய அடிகள்தான் வழக்கம்.

நானாக இருந்தால்: பத்து வயதுக்குக் கீழே, மென்பலகை என்றால் மென்மையானது. கடினப் பலகைக்கு மாறிய அன்றே கடின ஓடு.

அளவு எப்படிப் பார்ப்பது? இணையத்தில் வாங்கினால் சரியாக வருமா?

இதில்தான் பெரும்பாலோர் தவறு செய்கிறார்கள். நானும் செய்தேன். மகள் வளர்வாள் என்று ஒரு அளவு பெரிதாக வாங்கினேன். முதல் அலையிலேயே அது பின்னுக்குச் சரிந்து, தாடைப் பட்டை தொண்டையை இறுக்க, அவள் அழுதுகொண்டே வெளியே வந்தாள். அந்த ஹெல்மெட் மறுபடி தண்ணீரைத் தொடவில்லை. பள்ளிச் சீருடைக்குத்தான் வளரும் அளவு சரி.

தையல் டேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். புருவத்துக்கு இரண்டு விரல் மேலே தொடங்கி, காதுக்கு மேலாக, பின்மண்டையில் அதிகம் துருத்தி நிற்கும் இடத்தைச் சுற்றி அளக்க வேண்டும். மூன்று முறை அளந்து, பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் நடுத்தர அளவு மாறும். சென்டிமீட்டர் கணக்கைத்தான் நம்ப வேண்டும். இரண்டு அளவுகளுக்கு நடுவில் வந்தால் சிறியதை முதலில் போட்டுப் பாருங்கள்.

போட்ட பிறகு இப்படிச் சோதியுங்கள். பட்டையைப் பூட்டாமல் தலையை இடவலமாக வேகமாக ஆட்டுங்கள். ஹெல்மெட் தலையோடு சேர்ந்தே திரும்ப வேண்டும். முன்விளிம்பைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் நெற்றித் தோலும் கூடவே அசைய வேண்டும். தோல் அசையாமல் ஹெல்மெட் மட்டும் வழுக்கினால் பெரிது. பிறகு பட்டையைப் பூட்டி, பின்கழுத்துப் பக்கம் விளிம்பில் கைகொடுத்து முன்னோக்கித் தள்ளுங்கள். கழன்று கண்ணை மறைத்தால் அது உங்கள் தலைக்கு ஆகாது. இந்தக் கடைசிச் சோதனையைக் கடையில் யாரும் செய்வதில்லை. அலை முதலில் செய்வது இதைத்தான்.

பட்டை இரு பக்கமும் காதுமடலுக்குச் சற்றுக் கீழே ஒன்றுசேர வேண்டும். தாடைக்கும் பட்டைக்கும் நடுவே ஒரு விரல் நுழையலாம். வாயை அகலத் திறந்தால் ஹெல்மெட் உச்சந்தலையில் அழுந்துவது தெரிய வேண்டும்.

போட்டபடியே கால் மணி நேரம் கடையில் நடந்து பாருங்கள். நெற்றியில் ஒரே இடத்தில் வலி எடுத்தால் தலையின் வடிவமும் ஹெல்மெட்டின் வடிவமும் ஒத்துப்போகவில்லை. ஒருவர் தலை வட்டம், இன்னொருவர் தலை முட்டை வடிவம். வேறு நிறுவனத்தைப் பாருங்கள். இணையத்தில் வாங்குவதானால், திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று முதலில் விசாரித்துவிடுங்கள். வெளிநாட்டுக் கடையில் காட்டும் விலையோடு அனுப்பும் செலவும் சுங்கமும் 15 சதவீத வாட் வரியும் சேரும்.

மகளுக்கு நீளமான முடி. கொண்டையின் மேல் ஹெல்மெட் உட்காரவில்லை.

கொண்டை வேண்டாம். ஒற்றைப் பின்னலாகப் பின்னி, கழுத்துக்குக் கீழே தொங்கவிட்டு, நுனியை உடைக்குள் செருகிவிடுங்கள். பின்னல் காதுக்கு மேலே தடித்துக்கொண்டு நிற்கக் கூடாது. அந்த இடத்தில் ஹெல்மெட் தூக்கிக்கொள்ளும். அளவு எடுக்கும்போதும் அதே பின்னலோடு எடுங்கள்.

இன்னொன்றும் இதோடு சொல்ல வேண்டும். காவடிக்கு நேர்ந்துகொண்டு மொட்டை போட்ட பிள்ளைகளுக்கு, முந்தைய வாரம் கச்சிதமாக இருந்த ஹெல்மெட் தளர்ந்துவிடும். சுருட்டை முடி அடர்ந்தவர்களுக்கு வித்தியாசம் இன்னும் அதிகம். ஹெல்மெட்டோடு வரும் தடித்த திண்டுகளைப் பெட்டியோடு தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் முடி வளரும் வரை உதவும். மொட்டைத் தலையில் வெயில் நேரே படாமல் இருப்பதும் ஒரு லாபம்.

கடையில் சரியாக இருந்தது, கடலில் தொல்லை கொடுக்கிறது. ஏன்?

தண்ணீரின் இழுப்பு கடையில் தெரியாது. முதல் நாளே அலைக்குக் கொண்டுபோகாமல், நீச்சல் குளத்தில் போட்டுப் பாருங்கள். கால் முன்னாகக் குதிக்க வேண்டும். தலை தண்ணீருக்குள் போகும் கணத்தில் ஹெல்மெட் மேலே தூக்கி, பட்டை தாடையை வெடுக்கென்று இழுத்தால், உள்ளே தண்ணீர் நிறைகிறது என்று பொருள். பட்டையை இறுக்குங்கள், திண்டை மாற்றுங்கள். அப்போதும் இழுத்தால் மாற்றிவிடுங்கள். நீட்டிய முன்விளிம்பு உள்ள மாதிரிகளில் இந்தத் தொல்லை அதிகம். வெயிலை மறைக்கிறதே என்று சிலர் அதை விரும்புவார்கள். பெரிய அலையில் அந்த விளிம்பைப் பிடித்துத் தண்ணீர் கழுத்தை முறுக்கும்.

கண்ணை மூடிக்கொண்டு ஒரு கையால் பூட்டைத் திறக்கவும் குளத்திலேயே பழக வேண்டும். எங்காவது சிக்கிக்கொண்டால் அந்தப் பழக்கம்தான் காப்பாற்றும்.

காதை மூடும் மாதிரி நல்லதா?

பக்கவாட்டில் விழும்போது தண்ணீர் அறைந்து செவிப்பறை கிழிந்தவர்கள் உண்டு. காதுமூடி அந்த அறையின் வேகத்தைக் குறைக்கும். குளிர்ந்த நீரிலும் காற்றிலும் ஆண்டுக்கணக்கில் சறுக்குபவர்களுக்குக் காதுத் துளைக்குள் எலும்பு வளர்ந்து வழி குறுகும். நம் கடல் கோடையில் 25 டிகிரி வரை இருப்பதால் இங்கே அந்தக் கவலை குறைவு, கேப் டவுன் பக்கம் அதிகம்.

காதுமூடியில் துளைகள் இருக்க வேண்டும். காவலரின் விசிலும் "வருகிறேன், விலகு" என்ற பக்கத்து ஆளின் குரலும் கேட்க வேண்டும். துளையே இல்லாத மூடி காதில் அழுத்தத்தை உண்டாக்கும். என் மகள் முதல் வாரம் "தகர டப்பாவுக்குள் இருக்கிற மாதிரி சத்தம்" என்றாள்; இரண்டாவது மாதம் அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

நிறம்?

ஆரஞ்சு, மஞ்சள், பளிச்சென்ற சிவப்பு. கடலின் நிறமும் நுரையின் நிறமும் வேண்டாம். கரையில் உட்கார்ந்து ஐம்பது தலைகளுக்கு நடுவே உங்கள் பிள்ளையைத் தேடும்போது இதன் அருமை தெரியும். கறுப்பு சூடேறும்.

தலையில் பலமாக அடிபட்டுவிட்டால்?

அன்றைக்குக் கடல் போதும். பிள்ளை "நான் நன்றாக இருக்கிறேன்" என்று சொன்னாலும் அனுப்பாதீர்கள். நம் நாட்டு ரக்பியில் மூளை அதிர்ச்சி என்று ஐயம் வந்தால் நடுவர் நீல அட்டை காட்டி வெளியே அனுப்புகிறார். மருத்துவர் சரி என்று சொல்லாமல் திரும்ப முடியாது. கடலில் நடுவர் இல்லை, பெற்றோர்தான் அந்த அட்டையைக் காட்ட வேண்டும்.

வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, கேட்டதையே திரும்பக் கேட்பது, தள்ளாட்டம், வழக்கத்துக்கு மாறான தூக்கம், பேச்சுக் குழறல், காதிலோ மூக்கிலோ தெளிந்த நீர் வடிவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவமனைக்குப் போங்கள். கழுத்து வலிக்கிறது, கைகால் மரத்துப்போகிறது என்றால் ஹெல்மெட்டை நீங்களாகக் கழற்றாதீர்கள். தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு கடற்கரைக் காவலரைக் கூப்பிடுங்கள். கைபேசியில் 112, ஆம்புலன்ஸ் 10177.

பராமரிப்பு?

ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயவையுங்கள். பூட்டின் இடுக்கில் மணல் சேர்ந்தால் பாதிதான் பூட்டும், பூட்டிய சத்தமும் கேட்கும். பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுங்கள். காரின் பின்கண்ணாடிக்குக் கீழே விட்டுவிட்டுப் போகாதீர்கள். நம் வெயிலில் மூடிய காருக்குள் இருக்கும் சூட்டில் உள்மெத்தையின் பசை விட்டுப்போகும். கொசு விரட்டும் மருந்தைப் பூசிய கையால் ஹெல்மெட்டைத் தொடாதீர்கள். டீட் என்ற பொருள் சில பிளாஸ்டிக்குகளை அரிக்கும்.

தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைக்கும் வழக்கம் உள்ள வீடுகளுக்கு ஒரு சொல்: கடலுக்குப் போகும் காலையில் வேண்டாம். எண்ணெய் திண்டில் இறங்கி, ஹெல்மெட் வழுக்கும். இரண்டு வாரத்தில் சிக்கு வாடை அடிக்கும். முந்தின இரவு வைத்து, காலையில் அலசிவிட்டுப் போகட்டும். ஏற்கெனவே இறங்கிவிட்டால் திண்டுகளைக் கழற்றி, குழந்தைகளுக்கான ஷாம்பு போட்டு வெதுவெதுப்பான நீரில் கசக்குங்கள்.

அண்ணனின் பழைய ஹெல்மெட்டைத் தம்பிக்குக் கொடுக்கலாமா?

அளவு சரியாக இருந்து, அதன் வரலாறு முழுதும் உங்களுக்குத் தெரிந்திருந்தால் கொடுக்கலாம். வெயிலில் பிடித்து வெளி ஓட்டை மெல்ல வளையுங்கள். மயிர்க்கோடு போல விரிசல் தெரிந்தால் வேண்டாம். உள்மெத்தையை விரலால் அழுத்துங்கள். பள்ளம் எழும்பி வராவிட்டால் வேண்டாம். பட்டையின் ஓரம் பிசிறடித்திருந்தாலும் நிறம் வெளுத்து விறைத்திருந்தாலும் வேண்டாம். அடிபட்ட கதை தெரியாத பழைய ஹெல்மெட்டை வெளியாரிடம் வாங்கவே வேண்டாம்.

என் மகளின் கீறல் விழுந்த ஹெல்மெட்டை அலமாரியில் வைத்திருக்கிறேன், வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்ட. மற்றபடி பழையதைக் குப்பையில் போடுவதானால் முதலில் தாடைப் பட்டையைக் கத்தரியால் வெட்டிவிடுங்கள். குப்பை மேட்டிலிருந்து எடுத்து இன்னொரு வீட்டுப் பிள்ளை தலையில் மாட்டிக்கொள்ளக் கூடாது.